சாட்சிக்கு நாற்பத்தைந்து நிமிடம்

தேனி கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ராஜமணி, சபையில் பாவியாக இருப்பதில் கைதேர்ந்தவர். வருஷா வருஷம் நடக்கும் மூன்று நாள் கன்வென்ஷனில் சனிக்கிழமை சாயங்காலம், பழைய பாவங்களைச் சொல்லித் தான் திருந்திய கதையைச் சொல்லும் சாட்சி அவருடையதுதான். பதினேழு வருஷத்துக்கு முன் முதன்முதலாக மேடை ஏறியபோது, கல்லூரிக் காலத்தில் நாலு சிகரெட் பிடித்ததும் ஒரு பரீட்சையில் பார்த்து எழுதியதும்தான் அவருடைய மொத்தப் பாவம். அடுத்த வருஷம் நாலு சிகரெட் ஒரு பாக்கெட் ஆனது. அப்புறம் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது. போன வருஷச் சாட்சியில் போலீஸ் ஜீப்பே வந்துவிட்டது. சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனைவி ஜெபராணி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருஷக் கன்வென்ஷனுக்குத் தலைப்பு ‘மனந்திரும்புதல்’. கோயில் வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில், வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாருக்குத் தபால்தலை அளவில் ஒரு படம். கைகூப்பி நிற்கும் ராஜமணிக்கு ஆளுயரப் படம். ஃப்ளெக்ஸ் யார் செலவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. சாட்சிக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் ராஜமணி வாட்ஸப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டார். ‘அறிந்தோ அறியாமலோ நான் யாருடைய மனதையேனும் புண்படுத்தியிருந்தால் தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்கிறேன்.’ மத்தியானத்துக்குள் நூற்றுப் பத்துக் கும்பிடு வந்து விழுந்தது. அவர் போனை ஜெபராணியிடம் நீட்டினார். அவள் திராட்சை வடிகட்டும் வெள்ளைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் பிழிந்து கொடுப்பது, மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு உள்ள மரியாதை.

“யாருடைய மனதையேனும்னு போட்டிருக்கீகளே, அந்த யாருக்கு ஓடைப்பட்டியில ஒரு பேர் இருக்குல்ல?” என்றாள் ஜெபராணி.

இருந்தது. மொக்கைச்சாமி. ஓடைப்பட்டியில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர். திருவிருந்துக்குப் பழம் அவர் பந்தலிலிருந்துதான் வரும். போன பட்டத்தில் சாம்பல் நோய்க்கு மருந்து கேட்டு வந்தபோது, கடையில் மிச்சமிருந்தது ஒரே பெட்டி. அதன் தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்ததை ராஜமணி பார்த்தார். பார்த்துவிட்டு, மருந்தென்ன பாலா, திரிந்துபோக என்று எடுத்துக் கொடுத்தார். மருந்து திரியவில்லை. கேட்கவும் இல்லை. கொத்துக் கொத்தாகப் பிஞ்சில் சாம்பல் பூத்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பந்தலைப் பார்வையிடப் போன ராஜமணி, ஓடைப்பட்டி டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில், மருந்தில் குறையில்லை, அளவு பார்த்துக் கலக்கத் தெரிய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். முப்பது வருஷம் கொடி வளர்த்த மனிதருக்கு அன்றிலிருந்து ‘அளவுச்சாமி’ என்று பேர். டீக்கடைக்குப் போனால், சீனி அளவு பார்த்துப் போடட்டுமா என்று மாஸ்டர் சின்னக்கருப்பு கேட்பான். மொக்கைச்சாமி டீக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லி அழுதாகிவிட்டது, அவரும் மன்னித்துவிட்டார் என்றார் ராஜமணி.

“ஆண்டவருக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரியாதது மொக்கைச்சாமி அண்ணனுக்குத்தான். எங்கன சொன்னீகளோ அங்கனயே போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டுப் பழத்தோட வந்தா பிழியிறேன். இல்லையா, இந்தக் கையால பிழிய மாட்டேன்.”

ராஜமணி இரண்டு நாள் யோசித்தார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓடைப்பட்டிக்காரர்கள். சொன்னால் அத்தனை பேரும் எதிர்த்த கடைக்குப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால், சோறும் முன்போல இறங்கவில்லை. திராட்சையைக் கண்டாலே பார்வை வேறு பக்கம் போனது.

சனிக்கிழமை காலையில் ஓடைப்பட்டிக்குப் போனார். மொக்கைச்சாமியைப் பந்தலிலிருந்து வம்படியாக டீக்கடைக்குக் கூட்டிவந்தார். அவர் எதற்கென்று புரியாமல், கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ராஜமணி தொண்டையைச் செருமினார். பதினேழு வருஷப் பழக்கம். வேறு குரல் வரவில்லை.

“பிரியமானவர்களே, நான் ஒரு மகா பாவி,” என்று ஆரம்பித்தார்.

பெஞ்சு நிம்மதியடைந்தது. சபைக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“உக்காருங்க மொதலாளி. எங்களுக்கு எங்க ஆத்தா இருக்கா, அது போதும். நோட்டீஸ் இருந்தா குடுத்துட்டுப் போங்க, பஜ்ஜி மடிக்க ஆகும்,” என்றான் சின்னக்கருப்பு.

ராஜமணி மறுபடியும் தொடங்கினார். அந்தகாரம், பாவச்சேறு என்றெல்லாம் வந்தது. சின்னக்கருப்பு அவருக்கும் ஒரு டீயை ஆற்றிவைத்தான். மொக்கைச்சாமி, பந்தலில் வேலை கிடக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். நாலு எட்டுப் போய்விட்டார்.

அந்த முதுகைப் பார்த்ததும் ராஜமணிக்கு மேடைக் குரல் எங்கோ கழன்று விழுந்தது.

“அண்ணே, நான் குடுத்த மருந்து தேதி முடிஞ்சது. தெரிஞ்சுதான் குடுத்தேன். நீங்க அளவு சரியாத்தான் கலக்குனீக. நான்தான் இங்கன உக்காந்து பொய் சொன்னேன்.”

மொக்கைச்சாமி திரும்பி வந்தார். ராஜமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சின்னக்கருப்பைப் பார்த்தார்.

“கேட்டுச்சாடா?”

“கேட்டுச்சுண்ணே.”

“இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

சின்னக்கருப்பு டம்ளரை நன்றாகக் கழுவினான். “மொக்கைச்சாமிண்ணே, டீக்குச் சீனி எப்பவும் போலத்தானே,” என்றான்.

எப்பவும் போல என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக்கு அப்புறம் அந்தப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். ராஜமணி, போன பட்டத்து நஷ்டத்துக்குத் தானே பொறுப்பு என்றும், இந்தப் பட்டத்து மருந்து முழுக்கத் தன் செலவு என்றும் சொன்னார். மொக்கைச்சாமி டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

“நஷ்டத்தைப் பெறகு பேசலாம். மருந்தை ஒங்க கடையில இப்போதைக்கு வாங்க மாட்டேன் மொதலாளி, தப்பா நெனைக்காதீக. பழம் கோயிலுக்குத்தானே, வந்து வெட்டிக்கிட்டுப் போங்க.”

மன்னித்தாரா என்று ராஜமணிக்குத் தெரியவில்லை. ஆனால் பந்தலுக்கடியில் குனிந்து பன்னீர்த் திராட்சையை வெட்டும்போது, சொல்லி முடித்தாயிற்று என்பது மட்டும் தெரிந்தது. செருப்புக்குள் ஏழு மாதமாகக் கிடந்த கல்லை உதறிவிட்டாற்போல் இருந்தது. திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தி ஆறு இட்லி சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் சாட்சி மூன்று நிமிடத்தில் முடிந்தது. தேதி முடிந்த மருந்தைத் தெரிந்தே விற்றேன், பழியை அடுத்தவர் மேல் போட்டேன், காலையில் போய் உண்மையைச் சொன்னேன், போலீஸ் ஜீப் வரவே இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். சபை திகைத்துப்போனது. போன வருஷச் சாட்சியில்தான் ஆவியின் அபிஷேகம் இருந்தது என்று முன்வரிசை அம்மா ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். மிச்சமிருந்த நாற்பத்திரண்டு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போதகர் ஏழு பாட்டு பாட வைத்தார். ஆறாவது பாட்டில் ஜெபராணி எழுந்து வீட்டுக்குப் போனாள். பழம் காத்திருந்தது; பிழிய வேண்டும்.

திங்கட்கிழமை கடைக்கு வந்த முதல் ஆள் சின்னக்கருப்பு. அவனுக்கும் அரை ஏக்கர் பந்தல் உண்டு. மருந்துப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துப் பொடிசாக இருக்கிறது, முதலாளியே தேதியை வாசித்துவிடட்டும் என்றான். கடையில் நின்ற நாலு பேரும் காதைத் தீட்டினார்கள்.

ராஜமணி கண்ணாடியை மாட்டினார். மேடைக் குரல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மாதத்தையும் வருஷத்தையும் வாசித்தார்.

“இன்னொருக்கா,” என்றான் சின்னக்கருப்பு.

இன்னொரு தடவையும் வாசித்தார்.