இரண்டு பெட்டிகள்

வெர்னிட்டா ஹாகன் அந்தச் சிறு கல்லூரியின் கணினி அறையைத் தனியாளாக நடத்தி வந்தாள். நாடெங்குமுள்ள கணினிகள் போன் வழியே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும் செய்தித்தொகுப்பு, ஃபார்கோ ஊரின் ஒரு விதைக் கம்பெனி வழியாகத்தான் அவளுக்கு வரும். கணினியைப் போன் லைனில் இணைக்கும் பழைய மோடம் ஒரு நாள் செய்தியை இழுத்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆனது. போன் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து; அது முடியும்வரை அவள் இரவிலும் அங்கேயே காத்திருப்பாள்.

"கேள்வி வர்றதுக்கு முன்னாடியே அதுக்குப் பதில் வந்துடுது வெர்னிட்டா. நல்லா நடத்துறீங்க!" என்றார் உயிரியல் ஆசிரியர் இங்வால்ட்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை மட்டும் இப்படிக் குத்திக்காட்டியவர்களில் அவர் நான்காவது ஆள்.

வேகமான மோடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிக்கை கொடுக்கும்படி டீன் சொல்லியிருந்தார். இரண்டு விற்பனையாளர்கள் ஆளுக்கொரு ஜோடியைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒன்று கறுப்புப் பெட்டி, மற்றது சாம்பல் நிறம். இரு முனையிலும் ஒரே வகை இருந்தால்தான் வேகம். அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் கல்லூரிக் கணினியில் மாட்டிவிட்டு, மற்றதைக் காரில் ஏற்றிக்கொண்டு, பனி கொட்டிய சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டிப் போனாள்.

விதைக் கம்பெனியிலிருந்து அவளுக்குச் செய்தி அனுப்பும் மெர்ல் ட்வெட் வாசலுக்கே வந்தான். நான்கு வருடமாகப் போனில் பேசியவர்கள், நேரில் பார்த்ததில்லை.

"குரலை வெச்சு உன்னை இன்னும் உயரமா நெனச்சிருந்தேன்" என்றான்.

"நான் உனக்குத் தலைமுடி இருக்கும்னு நெனச்சேன்."

அவன் காபி ஊற்றிக் கொடுத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. செய்தி அனுப்புவது அவன் வேலையில் சேர்த்தியே இல்லை. யாரும் தடுக்காததால் செய்துகொண்டிருந்தான்.

பத்து மணிக்குக் கறுப்புப் பெட்டியை இணைத்தார்கள். பெட்டியோடு வந்த காகிதத்தில் முக்கால் மணி என்று போட்டிருந்தது. நான்கு நிமிடம் செய்தி பறந்தது, பிறகு லைன் அறுந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அறுந்தது. அவள் ஊர் லைனில் காற்றடித்தாலே இரைச்சல். மதியத்துக்குப் பிறகு சாம்பல் பெட்டி. இரைச்சல் வந்ததும் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பிடியை மட்டும் விடவில்லை. ஒரு மணி பத்து நிமிடத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

"இதுதான்!" என்று மேசையைத் தட்டினாள் வெர்னிட்டா.

மெர்ல் காபிக் கோப்பையைக் கழுவப் போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"என்கிட்ட வாங்கிக்கிற மத்த நாலு பேரும் போன வாரமே கறுப்பை வாங்கிட்டாங்க. எனக்கு இருக்கிறது ஒரே லைன், ஒரே மோடம். நானும் கறுப்பு போட்டாதான் அவங்களுக்கு வேகம். உனக்காகச் சாம்பலைப் போட்டா அவங்க நாலு பேரும் பழைய வேகத்துக்குப் போயிடுவாங்க."

"அதை முன்னாடியே போன்ல சொல்றதுக்கென்ன? இந்தப் பனியில வந்திருக்கேன்."

"கறுப்பே உனக்கும் சரியா வந்துடும்னு நம்பினேன். அப்புறம்... நீ வந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு. இந்த வேலையைப் பத்திப் பேச இங்க ஒருத்தர் இல்ல வெர்னிட்டா."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைக் காட்டக்கூடத் தெம்பில்லை. பெட்டிகளைப் போர்வையில் சுற்றினாள். அவன் காருக்குத் தூக்கி வந்தான், கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக் கொடுத்தான்.

இரண்டு வாரமாக அவள் எழுதி வைத்திருந்த ஒப்பீடு பன்னிரண்டு பக்கம். அத்தனையையும் தூர வைத்துவிட்டு, டீனுக்கு ஒரே வரி எழுதினாள்: எதிர்முனையில் கறுப்பு இருப்பதால் நமக்கும் கறுப்பு.

பெட்டி மார்ச்சில் வந்தது. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக, செய்தியைச் சின்னச் சின்னக் கட்டுகளாக அனுப்ப மெர்லைச் சம்மதிக்க வைத்தாள். அதைச் செய்து முடிக்க அவனுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

திங்கள்கிழமை அவனே கூப்பிட்டான். "எப்படி இருக்கு?"

"விழுது, எந்திரிக்குது. மூணு மணி நேரத்துல முடியுது."

"முக்கால் மணின்னு போட்டிருந்தானே!"

"ஒன்பதுக்கு மூணு பரவாயில்ல. நீ போய்த் தூங்கு மெர்ல்."

போனை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள். ஐந்து மணிதான் ஆகியிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.