துணைக்கு வந்த குதிரை

மிளகாயக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அவளுக்கு அது மூக்கைத் தாண்டி அரை அடி முன்னால் நடந்துபோகும். பதினேழு வருஷமாக லாயத்தில் குதிரை பார்க்கிறாள். குதிரைகளிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அதையெல்லாம் மனிதர்களுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி வந்து சமையலறை வாசலில் நின்றான். அவள் அவனை உட்காரச் சொல்லவில்லை. பந்தயத் திடலின் உள்வாசலில் ஒவ்வொரு குதிரையையும் சரிபார்த்து அனுப்பும் வேலை அவனுக்கு. அம்மா போன பிறகு அவனை வளர்த்ததும் அவள்தான், கண்டவர் காலையெல்லாம் பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது.

"அக்கா, அந்தக் காகிதத்துல கையெழுத்து போட்டுடு. உன்னை ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க, அவ்வளவுதான். எனக்குன்னா வேலையே ஒரேயடியா போயிடும்."

காகிதம் மேசையில்தான் கிடந்தது. குதிரைகளைப் பழக்கும் டிரெயினர் முந்தின நாள் ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. "வாசலில் சரிபார்த்த பிறகு, தண்ணீர் காட்டப் போன இடத்தில், என் கவனக்குறைவால் குதிரைகள் மாறிவிட்டன" என்று அழகாக டைப் அடித்திருந்தார்கள். அதில் குதிரைகள் மாறிவிட்டன என்பது மட்டும்தான் நிஜம். மீதி அத்தனையும் புளுகு.

நடந்தது இதுதான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண் குதிரைகள். ஒரே பழுப்பு, நெற்றியில் ஒரே மாதிரி வெள்ளைப் பொட்டு. இளையவளுக்கு மூன்று வயது. சனிக்கிழமைப் பந்தயமும் மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. மூத்தவளுக்கு நான்கு முடிந்துவிட்டது, முன்னங்காலில் நரம்பு பிடித்து ஒரு மாதமாக ஓய்வில் இருந்தாள். ஓய்வில் இருப்பவளை எதற்குத் திடலுக்குக் கூட்டிப்போனார்கள் என்றால், இளையவள் தனியாக வண்டியில் ஏறமாட்டாள். அக்கா முன்னால் ஏறினால்தான் அவள் பின்னால் ஏறுவாள். அதனால் மூத்தவள் எப்போதும் துணைக்குப் போவாள், சும்மா நின்று வைக்கோல் தின்றுவிட்டுத் திரும்புவாள்.

திடலில் இளையவளுக்குப் பதினாலாம் தடுப்பு, மூத்தவளுக்குப் பதினைந்து. பதினாலின் வாசலில் தண்ணீர் போக ஒரு வாய்க்கால், அதன்மேல் இரும்பு வலை. குளம்பு பட்டால் சத்தம் போடும் அந்த வலையை இளையவள் பார்த்தாள், நின்றாள், நகரமாட்டேன் என்றுவிட்டாள். மிளகாயக்கா இருவரையும் இடம் மாற்றிக் கட்டினாள். மாற்றியதை டிரெயினரிடம் போய்ச் சொன்னாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினார். பிறகு அவள் சேணம் வாங்கப் போனாள்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தால், பதினாலில் நின்ற மூத்தவளுக்குக் கடிவாளம் மாட்டி, முதுகில் நம்பர் துணியும் போட்டு நிறுத்தியிருந்தார் டிரெயினர். பக்கத்தில் முதலாளி, குடும்பத்தோடு வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இது மூத்தவள் என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். முதலாளி முன்னால் அசடு வழிய டிரெயினருக்கு மனமில்லை. இருபது வருஷமாகத் தனக்குக் கண் இருக்கிறது என்றும், பேப்பரில் பதினாலு என்றுதான் போட்டிருக்கிறது என்றும் சொல்லி, நேரமாகிறது நட என்றார்.

நடந்தாள். இன்றைக்கும் அவளை அறுப்பது அதுதான், நடந்தாள். உள்வாசலில் தம்பி நிற்கிறானே என்ற தைரியம். ஒவ்வொரு குதிரைக்கும் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு சிப் இருக்கிறது, அரிசி அளவுதான் இருக்கும். ஸ்கேனரைக் கழுத்தில் வைத்தால் நம்பரைச் சொல்லிவிடும். பேப்பருக்கும் டிரெயினருக்கும் கண் அவிந்து போனாலும் அதற்கு அவியாது. "வச்சுப் பாருடா" என்றாள் தம்பியிடம். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று முணுமுணுத்தான். பின்னால் ஏழு குதிரைகள் வரிசையில் நின்றன. தாளில் ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டான்.

மூத்தவள் நான்கு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தாள். ஒரு வயது பெரியவள், ஜெயிக்காமல் என்ன செய்வாள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஜெயித்த குதிரைக்கு ரத்தம் எடுக்க வந்த மருத்துவர், தன் சொந்த ஸ்கேனரை வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

இரண்டு நாளாக அந்தக் கால் வீங்கிக் கிடக்கிறது. லாயத்து மருத்துவர் மருந்து எழுதப் பயந்தார். சனிக்கிழமைப் பதிவில் மூத்தவள் ஓடவே இல்லை. ஓடாத குதிரைக்கு ஓட்டத்தில் பட்ட அடி என்று எப்படி மருந்து எழுதுவது, வாசல் ஸ்கேனர் படித்த நம்பர் என்று ஒன்றை யாராவது காட்டட்டும் என்றார். மிளகாயக்கா வாளியில் ஐஸ் கொண்டுபோய், தானே காலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மூத்தவ காலுக்கு என்ன சொல்லப்போறே?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதை மட்டும் சொன்னான். அது அவளுக்குத் தெரியாதா என்ன. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு விசாரணைக்கு நடந்தாள்.

விசாரணை அறையில் நீள மேசை. சுவர் முழுக்க ஜெயித்த குதிரைகளின் படங்கள், கீழே பித்தளையில் பெயர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுத் தலைவரும், உள்வாசலுக்குப் பொறுப்பான அதிகாரியும் இருந்தார்கள். அதிகாரிதான் தம்பிக்கு மேலாள். அவர் வேலையை விசாரிக்க அவரே உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது. இந்தப் பக்கம் டிரெயினர், தம்பி, அவள். மேசை நடுவில் சாட்சிப் பொருளாக ஸ்கேனர்.

தலைவர் இனிமையாகத்தான் பேசினார். இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கும் கை தவறுவது உண்டு, கையெழுத்து போட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார். டிரெயினர் முகத்தை ஏதோ இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டு, அவள் நல்ல வேலைக்காரிதான், அன்று ஏதோ அசதி என்று சப்பைக்கட்டு கட்டினார்.

மிளகாயக்கா எழுந்தாள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். என்ன செய்கிறாள் என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் அதன் முதுகிலிருந்து பேட்டரியை உருவி, கடிகாரத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டாள். முள் பத்து இருபத்தைந்தில் நின்றது.

"அக்கா, வேண்டாம்" என்றான் தம்பி.

அவள் காதில் வாங்கவில்லை. ஸ்கேனரில் பேட்டரியை மாற்றி, பொத்தானை அழுத்தினாள். அதன் திரையில் எழுத்துகள் வந்தன. கடைசியாகப் படித்த நம்பரும் தேதியும். அதைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தாள். சரியாக இரண்டு வாரத்துக்கு முந்தின தேதி. அதற்குப் பிறகு மூன்று பந்தய நாட்கள் போயிருந்தன. அந்த மூன்று நாளும் உள்ளே போன குதிரை ஒன்றைக்கூட யாரும் படிக்கவில்லை. எல்லாம் வெறும் டிக்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் பந்தயமும் சந்தி சிரிக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி தம்பியைப் பார்த்தார். பிறகு தலைவரின் குரல் இன்னும் இனிமையானது. "சரிம்மா. இதுல உங்க தப்பு இல்ல. பாக்கப்போனா இதுல தனிப்பட்ட முறையில யார் தப்பும் இல்ல. பொதுவா ஒரு குறைபாடு நடந்துபோச்சுன்னு எழுதிக்கலாம். உங்க தம்பிக்கும் ஒண்ணும் ஆகாது."

தம்பி மூச்சு விட்டான். அதற்கு அவள் கையெழுத்து போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவள் வேலை பிழைக்கும், தம்பி வேலை பிழைக்கும். ஆனால் யார் தப்பும் இல்லை என்ற சொல் அவள் உச்சந்தலையில் போய் இறங்கியது. தன்மேல் பழி போட்டபோதுகூட இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அப்போதாவது தப்பு என்று ஒன்று இருந்தது, அது அவள் பெயரில் இருந்தது. இப்போது அதையும் துடைத்துவிட்டார்கள். அங்கே ஒருத்தி மூன்று காலில் நிற்கிறாள், அவளை யாரும் ஓட்டவில்லையாம்.

பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஐந்து கோடு போட்டாள்.

"ஆளுக்கு ஒரு வரி" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. "மொதல்ல நான் எழுதறேன். அது மூத்தவன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை சொல்லல. தெரிஞ்சே கயித்தை ஜாக்கி கையில கொடுத்தேன்."

எழுதிக் கையெழுத்து போட்டாள். காகிதத்தைத் தம்பி பக்கம் தள்ளினாள். அவன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை. அன்றைக்கெல்லாம் அவள் காப்பாற்றியிருக்கிறாள். இன்றைக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, காப்பாற்றவும் இல்லை.

அவன் பேனாவை எடுத்தான். மெதுவாக எழுதினான். சிப் பார்க்காமல் டிக் போட்டேன், இரண்டு வாரமாக. பேட்டரி வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன், வரிசையை நிறுத்தாதே என்று மேலாள் சொன்னார், நான் நிறுத்தவில்லை. ஒரு வரிக்குப் போட்ட இடத்தில் மூன்று வரி வந்துவிட்டது. கீழே கையெழுத்து.

காகிதம் டிரெயினர் முன்னால் போயிற்று. அவருக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்தது. எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார். மணி அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி பேனா தேடினார். சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருந்தும் தேடினார். தலைவர் நேரமாகிவிட்டதே என்று சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து இருபத்தைந்து.

மிளகாயக்கா காகிதத்தை மேசைமேலேயே விட்டாள். பிறகு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அதை வைத்துவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

படியிறங்கும்போது தம்பி பின்னால் ஓடிவந்தான். "அவங்க போடுவாங்களா அக்கா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு நம்ம ரெண்டு பேரும்?"

"மீதி மூணு கோடு காலியா இருக்குல்ல? யார் எடுத்துப் பாத்தாலும் அது தெரியும்ல?"

அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவளுக்கும் போதவில்லை.

லாயத்தில் மூத்தவள் காலைத் தரையில் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் தடுப்பிலிருந்து இளையவள் தலையை நீட்டி அவள் கழுத்தை உரசிக்கொண்டிருந்தாள். மிளகாயக்கா ஸ்கேனரைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கி, மூத்தவளின் கழுத்தில் வைத்தான். பீப் என்றது.

"நம்பரைப் படி" என்றாள். "சத்தமா படி. டாக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கணும்."

அவன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். அவள் சுவரில் சாக்பீஸால் எழுதினாள். இரண்டு வாரத்தில் அந்தக் கருவி படித்த முதல் குதிரை மூத்தவள்தான்.