ரெஃபரி ரஞ்சிதம்

கடின உழைப்பாளி என்று இந்த மலையில் யார்தான் எழுதிக்கொள்ள முடியாது? கொழுந்து எடுக்கும் அம்மாவும் எழுதலாம், லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறவனும் எழுதலாம். அப்புறம் நான் யார் என்று எப்படித் தெரியும்?

ரூபினி கைப்பேசியில், வேலைக்கு எழுதும் ரெசுமேயிலிருந்து 'கடின உழைப்பாளி' என்ற வரியை அழித்தாள். கியா பார்ம் சந்தையில் அன்று கூட்டமில்லை. பனி இறங்கி, எதிர்க் கடைகளின் விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அவள் வேலை செய்யும் ஸ்ட்ராபெர்ரி, சோளக் கடையின் முதலாளி ரஞ்சிதம், சோளம் வேகும் சட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். குடும்பத்தோடு தங்க இடமும் தருகிறார்கள். அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் இந்த வருடத்தோடு வேலை முடிகிறது. தோட்டம் தந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் இந்த வேலை ரூபினிக்கு வெறும் வேலையல்ல, கூரை.

முதலில் கொண்டுபோன ரெசுமேயில் பூப்போட்ட ஓரம், மதம், பொழுதுபோக்கு, 'நேர்மையானவர்' எல்லாம் இருந்தது. அங்கிருந்த சீனப் பெண் அதை அன்பாகத்தான் திருப்பிக் கொடுத்தாள். "எல்லாரும் இதையேதான் எழுதுறாங்க. நீ என்ன செஞ்சேன்னு எழுதி அனுப்பு. இன்னும் நாள் இருக்கு" என்றாள். அந்த நாள் இன்றோடு முடிகிறது.

என்ன செய்தேன்? ரூபினி யோசித்து யோசித்து எழுதினாள். நசுங்கிய பழத்தைக் காட்டிக் கத்திய குடும்பத்தின் முன்னால் புதுப் பெட்டிகளைக் கொட்டி, நீங்களே பொறுக்குங்கள் என்று சொன்னது. அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு பெட்டி வாங்கிப் போனது. பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கொஞ்சம் சீனத்திலும் மாறி மாறிப் பேசியது.

எழுதிவிட்டுப் படித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவள் எப்போது இப்படிப் பேசக் கற்றாள்?

வேலைக்கு வந்த புதிதில் யாராவது விலை கேட்டால் ரஞ்சிதத்தின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு அவசரம் வரும். "புள்ள, பார்த்துக்கோ. டாய்லெட் போயிட்டு வரேன்." போனால் லேசில் திரும்ப மாட்டாள். அந்த நேரங்களில் ரூபினி அவளை மனதுக்குள் திட்டியிருக்கிறாள்.

"அக்கா, அப்பல்லாம் பஸ் வந்தாலே உங்களுக்கு டாய்லெட் வருமே. சர்க்கரை வியாதியோன்னு பயந்தேன்."

ரஞ்சிதம் சட்டி மூடியோடு திரும்பினாள். "எங்க போனேன்? பின்னாடி கள்ளிச்செடிகிட்ட நின்னு கச்சான் கடலை தின்னுக்கிட்டு இருந்தேன். நீ பேசுவியா, அழுவியான்னு பார்த்துக்கிட்டு."

"அழுதேனே!"

"அழுதுக்கிட்டே வித்தியே லா!"

ரூபினியும் சிரித்தாள். தன் குரலைத் தான் கேட்கும் முன்பே ஒருத்தி அதைக் கேட்டிருக்கிறாள். செடி மறைவில் நின்று, வெளியே வரட்டும் என்று காத்திருக்கிறாள்.

"கடைசியில ரெஃபரின்னு ஒரு இடம் இருக்குக்கா. உங்க பேரும் நம்பரும் போட்டுட்டேன்."

"ரெஃபரியா? நான் என்ன பந்து வெளையாட்டுல விசிலா ஊதப் போறேன்?"

"என்னைப் பத்திக் கேட்டா சொல்ற ஆளுக்கா."

ரஞ்சிதத்தின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. "வேணாம் புள்ள. ஹோட்டல்காரங்க இங்கிலீஷ்ல போன் பண்ணுவாங்க. நான் யெஸ் யெஸ்னு ஒளறுவேன். சோளக் கடைக்காரி சொல்றதை யாரு மதிப்பா? என் தம்பி தங்கராஜு ஈப்போவுல பேங்க் ஆபிசர்தானே, அவன் பேரைப் போடு. உன்னை நல்லாத் தெரியும்னு சொல்லச் சொல்றேன்."

"அவரு என்னைப் பார்த்ததே இல்லையேக்கா."

"பார்த்தவ சொன்னா வேலை கிடைக்காது லா! அம்மாவை நெனைச்சுப் பாரு. நான் டாய்லெட் போயிட்டு வரேன், அதுக்குள்ள மாத்திடு."

ரூபினி திரையைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. அக்கா சொல்வது நடந்தாலும் நடக்கலாம். போன் வரலாம், அக்கா திக்கலாம், வீடு கைவிட்டுப் போகலாம். ஆனால் மேலே எழுதிய ஒவ்வொரு வரியும் நடந்தபோது பார்த்துக்கொண்டு நின்றது ஒரே ஒருத்திதான். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மீதி வரிகளும் யாரோ ஒருத்தியுடையவை ஆகிவிடும்.

அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரும்பிப் பார்த்தபோது கள்ளிச்செடிகளுக்குப் பின்னால் பச்சைக் கம்பளிச் சட்டையின் ஓரம் தெரிந்தது.

"மாத்திட்டியா?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

"இல்லக்கா" என்றாள் ரூபினி, மெதுவாக.