நூறு வருஷத்து உளவு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ழ வராது. பழம் எங்களுக்குப் பளம், மழை எங்களுக்கு மளை. இத்தனை வருடத்தில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அக்காவின் நிலத்துக்கு நானே மனு டைப் அடித்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்த பிறகுதான் வந்தது.

நிலம் எங்கள் தாத்தாவுடையது. அப்பாவுக்கு வந்து, அப்புறம் அக்காவுக்கு வந்தது. ஆறு ஏக்கர். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டதால் விற்றுத்தான் ஆகவேண்டும். வாங்குவதற்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பிளாட்காரர். ஆறு ஏக்கரையும் கட்டம் கட்டமாக வெட்டி வீடு போட நினைப்பவர். இன்னொருத்தி முள்ளங்கி. இருபத்தாறு வயது. நான்கு வருடமாக நிலத்தின் ஒரு மூலையைக் குத்தகைக்கு எடுத்து முள்ளங்கி போடுகிறாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு ழ வருவதால் நாங்கள் யாரும் முயற்சி செய்யவில்லை.

பிளாட்காரர் சொல்லும் விலைக்கு அவள் ஏழு ஜென்மம் முள்ளங்கி விற்றாலும் எட்டாது. இருந்தது ஒரே வழி, பழைய விளைநிலங்களின் பாதுகாப்புப் பதிவேடு. நூறு வருடம் விடாமல் உழுத நிலம் என்று நிரூபித்தால் அதில் ஏற்றுவார்கள். வீடு கட்டும் உரிமையை அந்த அலுவலகமே அக்காவிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு அங்கே யாரும் வீடு கட்ட முடியாது. நிலம் விளைநில விலைக்குத்தான் போகும், அதுவும் இளம் விவசாயிக்குத்தான் முதலில்.

"மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன்," என்றாள் அக்கா. "அதுக்குள்ள பதிவேட்டுல ஏறலைன்னா பிளாட்காரருக்குக் கையெளுத்துப் போட்டுருவேன். உன் அத்தான் நச்சரிப்பு தாங்கல."

"மனுவை நானே எழுதிடறேனே," என்றாள் முள்ளங்கி.

"நீ முள்ளங்கியைப் பாரு, மனுவை நான் பாத்துக்கறேன்," என்றேன். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இரண்டு விரலால் அடித்து அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி. வரப்பில் நின்றுகொண்டு எங்களையே பார்த்தார். பதிவேட்டு அதிகாரி என்று நினைத்து அக்கா நாற்காலி போட்டாள். முள்ளங்கி சந்தைக்குப் போயிருந்தாள்.

"இங்க எவ்வளவு நாளா உளவு நடக்குது?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து சார். நூறு வருஷம் தாண்டிருச்சு," என்றாள் அக்கா, பெருமை பொங்க.

அவர் பேனா நின்றுபோனது. "ஒரு தடவைகூட மாட்டலையா?"

"மாட்டாம இருக்குமா? மளை பேஞ்சா சேத்துல மாட்டும். நாலு பேர் சேந்து தள்ளிவிடுவோம்."

"எந்த நேரத்துல செய்வீங்க?"

"விடியக்காலைலதான். வெயில் ஏறினா ஆள் நிக்க முடியாது."

"யாருக்காகச் செய்யறீங்க?"

"அப்படியெல்லாம் பேதம் கிடையாது சார்," என்று நான் புகுந்தேன். "யார் நல்ல விலை கொடுக்கறாங்களோ அவங்களுக்குப் போகும்."

"வெளிநாட்டுக்குமா?"

"ஒரே ஒரு தடவை அனுப்பினோம். வளியிலேயே அளுகிருச்சு."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆதாரம் ஏதாவது உண்டா என்றார். அக்கா ஓடிப்போய்த் தாத்தாவின் நோட்டை எடுத்துவந்தாள். தாத்தாவுக்கு எழுதும்போதும் ழ வராது. 'இன்று உளவு. கிளக்கு முடிந்தது. நாளை மேற்கு. யாரும் பார்க்க வரவில்லை.' பக்கம் பக்கமாக இதே கதை.

"இப்ப யார் பொறுப்பு?"

"முள்ளங்கி."

"சங்கேதப் பேரா?"

"செல்லப் பேரு சார். கெட்டிக்காரி. இன்னும் பத்து இளவட்டங்களை இந்தத் தொளில்ல இறக்கணும்னு சொல்லிட்டிருக்கா."

அவர் எழுந்து நின்று செல்போனை எடுத்தார். "ரெண்டு ஜீப் அனுப்புங்க. உடனே."

"ஜீப் எதுக்கு சார்? ஆறு ஏக்கர்தானே, நடந்தே சுத்திப் பாத்துரலாம்," என்றாள் அக்கா.

அப்போதுதான் முள்ளங்கி காலிக் கூடைகளோடு வண்டியில் வந்து இறங்கினாள். அவர் கையில் இருந்தது என் மனு. எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "'இந்நிலத்தில் நூறு ஆண்டுகளாக இடைவிடாமல் உளவு நடைபெறுகிறது. ஊக்கம் அளித்தால் இளைஞர்கள் பலர் உளவுக்கு வருவார்கள்.'" அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே! இது உழவு! உ, ழ, வு!"

"அதைத்தானே நானும் சொல்றேன். உளவு."

"சார், இவங்க சொல்றது உழவு. ஏர், டிராக்டர், அந்த உழவு. நாக்கு வராது இவங்களுக்கு. நீங்க யாரு?"

அவர் போலீஸ். பதிவேட்டு அலுவலகத்தில் மனுவைப் படித்துவிட்டு அப்படியே காவல் துறைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர் மெதுவாகப் போனில், "ஜீப் வேணாம். ஏன்னு நேர்ல சொல்றேன். இல்ல, சொல்லல," என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாக்கி நான்கு நாள், மனுவோ போலீஸ் கையில். பிளாட்காரர் அக்காவுக்கு ஏற்கெனவே பேனாவே வாங்கிக் கொடுத்திருந்தார்.

முள்ளங்கிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சார், விசாரணைக்கு வந்துட்டீங்க. அறிக்கை எழுதித்தானே ஆகணும்?"

"ஆகணும்."

"உளவு நடக்கலைன்னு மட்டும் எழுதினா, பின்ன நூறு வருஷமா என்னதான் நடக்குதுன்னு மேலதிகாரி கேக்க மாட்டாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மூன்று தலைமுறை வாக்குமூலம், தாத்தாவின் நோட்டு, எல்லாம் சரிபார்க்கப்பட்டது. நானே ஓசியில் ஜெராக்ஸ் போட்டேன். எழுதி முடித்ததை முள்ளங்கி வாங்கிப் பார்த்தாள்.

"சார், 'நூறு ஆண்டுகளாக உலவு மட்டுமே நடைபெறுகிறது'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. உலவு."

முள்ளங்கி அக்காவிடம் கையை நீட்டினாள். பேனாவை வாங்கிப் பதினோரு இடத்தில் திருத்திவிட்டு, கையெழுத்துப் போட மட்டும் அவரிடம் கொடுத்தாள். பேனா, பிளாட்காரர் அக்காவுக்குக் கொடுத்தது.

போலீஸ் முத்திரையோடு உழவுக்குச் சான்று வருவது பதிவேட்டு அலுவலகத்துக்கு அதுதான் முதல் தடவையாம். மறுபேச்சில்லாமல், மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே ஏற்றிவிட்டார்கள். பிளாட்காரர் வேறு ஊரைப் பார்த்துப் போனார். முள்ளங்கிக்கு நிலம் கைக்கு எட்டும் விலைக்குக் கிடைத்தது.

முதல் உழவுக்கு என்னைத்தான் டிராக்டரில் ஏற்றினாள். "தண்டனை அண்ணே. ஒரு சால் ஓட்டிட்டு இறங்குங்க," என்றாள். நேராகத்தான் பிடித்தேன். அது பாட்டுக்கு இறங்கி, வளைந்து, ஒரு சுழி சுழித்து, வாலை இழுத்துக்கொண்டு வரப்பில் போய் நின்றது.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மண்ணில் விழுந்த கோட்டைப் பார்த்தாள்.

"பரவால்லடா," என்றாள். "மண்ணுலயாவது உனக்கு அந்த எளுத்து வந்துச்சே."