அரைச்சொல்லின் மறுபாதி

பகலெல்லாம் காய்ந்து களைத்த ஞாயிறு மேற்கு மாடங்களின் பின்னே சாய, நகரின் நெடுந்தெருக்கள் தம் பேருந்துகளை ஒவ்வொன்றாகப் பணிமனைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தன. எண்ணெய் மணக்கும் அவ்வகன்ற முற்றத்தின் ஓரத்தே, ஓட்டுநரும் நடத்துநரும் இளைப்பாறும் நீண்ட கூடத்தில், அன்று நாற்காலிகள் நிரைநிரையாய் இடப்பட்டு, ஒரு பெண்மணியின் படத்திற்கு முன்னே வெண்மலர்கள் குவிந்திருந்தன.

நயமறிந்து நுகரும் நல்லீர், அப்படத்தில் நகைத்திருப்பவள் முப்பத்தோராண்டு நடத்துநராய் உழைத்தவள். தான் ஏறிய பேருந்தை ஓட்டியவருக்கே மனைவியாகி, ஒரு மகளையும் ஒரு மகனையும் ஈன்று, பெயர்த்தியொருத்திக்குப் பாட்டியுமாகி, மூன்று திங்களுக்கு முன்னர்க் கண்மூடியவள். அவளை நினைந்து பேசவே எல்லாரும் கூடியிருந்தனர்.

ஓட்டுநரோ வாயில்லாப் பூச்சி. எதையும் பேசத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுவார். அவர் நிறுத்திய பேருந்தில் இடத்தின் பெயரை அவள் உரக்கச் சொல்வதுபோல, அவர் நிறுத்திய பேச்சையும் அவளே முடித்துவைப்பாள். பெண் கேட்கப் போன நாளில், "உங்க பொண்ண எனக்கு..." என்று அவர் விழிபிதுங்கி நிற்க, கதவோரம் நின்றவள், "கட்டிக்குடுக்கச் சொல்றாருப்பா, சரின்னு சொல்லிடுங்க" என்று முடித்து, வந்தோரையெல்லாம் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தாள். சிலவேளை அவர் நினையாததையும் முடித்துவிடுவாள். விலைக்கு வந்த வீட்டைக் கண்டு, "இந்த வீடு கொஞ்சம்..." என்று அவர் இழுக்க, "ரொம்பவே பிடிச்சிருக்குன்னு சொல்றார்" என்றாள். சின்னது என்று சொல்ல வந்தவர், அந்த வீட்டிலேயே முப்பத்தெட்டு ஆண்டு மனநிறைவோடு வாழ்ந்தார்.

ஒரு பேச்சை மட்டும் அவள் உருப்படியாக முடிக்க விட்டதில்லை. "உன்னாலதான் நான்..." என்று நன்றி சொல்ல அவர் வாயெடுத்த போதெல்லாம், "செவிடாப் போயிட்டேன்னுதானே சொல்ல வர்றீங்க?" என்று தன் வெண்கலக் குரலைத் தானே பகடி செய்து மடக்கிவிடுவாள். மகள் பிறந்த அன்றும் அப்படியே. மருத்துவமனையில், கடைசிக் கிழமையிலும் அப்படியே. அந்த நன்றியைச் சொல்லாமலே அவளை அனுப்பிவிட்டோமே என்பதுதான் ஓட்டுநரின் நெஞ்சை அரித்தது. இன்றேனும் சொல்லிவிட வேண்டுமென்று எழுந்தார். மகள் எழுதிக்கொடுத்த தாளை எடுக்கவில்லை. அதிலிருந்தவை மகளின் சொற்கள்.

"அவ வேலைக்கு வந்த மொத நாளு..." என்றவர் நின்றார். பழக்கத்தால் முகம் இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாருமில்லை.

"விசில வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டாங்க!" என்று முன்நிரையிலிருந்து பெயர்த்தி துள்ளி எழுந்தாள். "நாள் பூரா வாயில விரல வெச்சே விசிலடிச்சாங்க!"

சிரிப்பலை எழுந்தது. ஓட்டுநருக்கு மூச்சு வந்தது. "இவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதப்போ..."

"பஸ்ஸுலயே உக்கார வெச்சு ஊரச் சுத்துனாங்க" என்றான் மகன். "அஞ்சாவது சுத்துல நானே எறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டேன்."

"நம்ம பட்டறைப் பக்கம் அவ வந்தா..." என்று அவர் தொடங்கியதுமே, பொறி பழுதுபார்ப்பவர் கையுயர்த்தினார். "வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்க மொகத்தப் பாருய்யான்னு வெரட்டுவாங்க."

தம் பேச்சின் மறுபாதியை அவள் இத்தனை பேரிடம் விட்டுச் சென்றிருக்கிறாள் என்றுணர்ந்த ஓட்டுநருக்கு, துயரத்தினும் மிகுந்து நன்றியே நெஞ்சில் பொங்கியது. படத்தின் பக்கம் திரும்பினார்.

"உன்னாலதான் நான்..."

விடையறிந்த பெயர்த்தி குறும்பு பொங்க வாய்திறந்தாள்; அவள் கையை மகள் மெல்லப் பற்றினாள். யாரும் முடித்துவைக்கவில்லை. எங்கோ ஒரு பேருந்து உறுமி ஓய்ந்தது. ஓட்டுநர் மேடேறும் வண்டியைப்போல் திணறி, ஒவ்வொரு சொல்லாகக் கொணர்ந்தார்.

"உன்னாலதான் நான் மனுஷனா ஆனேன். ரொம்ப நன்றிம்மா."

நாற்பத்துநான்கு ஆண்டுகளில் அவளிடம் அவர் தொடங்கித் தாமே முடித்த பேச்சு அஃதொன்றே; நகைத்து மடக்க அவள் இல்லாமையால், அது முழுமையாகவே நின்றது.