ரவுண்ட்ஸ் நேரம்

1

இந்தக் கதை ஒரு போர்வையிலிருந்து வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒருவர், காலையில் போர்வையை நெஞ்சுவரை இழுத்து, சுருக்கம் நீவி, கைகளை மேலே வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்காகக் காத்திருந்தார். சதுரங்கப்பட்டினத்தில், தன் சொந்த வீட்டில்.

பெயர் கேசவன் என்று வைத்துக்கொள்கிறேன். பஸ் டிரைவராக இருந்தவர். நெஞ்சடைப்பு. "நடக்கணும். மாத்திரைய நீங்களே எடுத்துப் போட்டுக்கணும். இல்லன்னா மறுபடி இங்கதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் நடக்கவில்லை. மாத்திரைக்கு வாயை மட்டும் திறந்தார்.

2

மருமகன் ரவிச்சந்திரனும் அவன் மனைவியும் அவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்

(வாக்கியத்தை முடிக்க வரவில்லை. ரவிச்சந்திரனின் மனைவி சியாமளா போன வருடம் இறந்துவிட்டாள். கேசவனுக்கு அவள் ஒரே மகள். வீட்டில் இப்போது மாமனாரும் மருமகனும்தான்.)

3

பக்கத்து வீட்டு ஹெலன் உப்புக் குறைத்த மீன்குழம்போடு வந்தாள்.

"இன்னா மாமா, ஊரெல்லாம் பஸ் ஓட்டிட்டு இப்ப டிப்போலயே நின்னுகினு கீறீங்க?"

"டாக்டர் வரட்டும்மா."

"இந்தத் தெருவுக்கு மாட்டு டாக்டரே வர்றதில்ல!"

கேசவன் சிரித்தார் என்று எழுதினேன். இல்லை, சிரிக்கவில்லை.

"அங்க தெனம் ஒருத்தராச்சும் வந்து எப்டி கீதுன்னு கேப்பாங்க" என்றார்.

ரவிச்சந்திரன் சோறு கொடுத்தான், துடைத்துவிட்டான், வாயில் மாத்திரை போட்டான். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார்.

4

கேசவனைக் கடற்கரை டச்சுக் கோட்டைவரை நடக்கவைத்து முடித்துவிடலாம். பேனாவுக்கு மூச்சு வாங்காது.

வேண்டாம்.

5

ஒரு நாள் காலை ரவிச்சந்திரன் விழித்தும் எழுந்திருக்கவில்லை. காரணம் எழுதப் பார்த்தேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. அவனை ஏற்றிப்போகும் கல்பாக்கம் ஆபீஸ் பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. போய்விட்டது.

டிரைவராக இருந்தவர் காதில் அது விழாமல் போகுமா? பக்கத்து அறையில் கட்டில் முனகிற்று. சுவரில் கை தேய்கிற சத்தம். நின்றது. மறுபடி தேய்ந்தது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேசவன் நின்றார். வேர்த்துக் கொட்டியது. உள்ளே வந்து, குனிந்து, மருமகனின் போர்வைச் சுருக்கத்தை நீவினார்.

"உனுக்கு எப்டி கீது மாப்ள?"

6

அவன் பதில் இங்கே வரவேண்டும். 'நல்லாத்தான் இருக்கேன்' என்று எழுதி அடித்தேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

கேசவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.