ரத்தம் எடுக்கும் அறையில் எழிலரசன்

குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எழிலரசன் சிங்கவரத்தில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம், பிள்ளையையும் அழைத்து வரவேண்டும் என்றார்கள். என்ன கூட்டம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

மகள் மணிமொழிக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகச் சிறுநீரகக் கோளாறு. திடீர் திடீரென்று முகம் வீங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை செஞ்சியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். இம்மாத முறைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நோய் முற்றிவிட்டதைச் சொல்லத்தான் முன்கூட்டியே கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. கெட்ட சேதியென்றால் தனியாக அல்லவா சொல்வார்கள், அதற்கு எதற்குக் கூட்டம் என்றாள் மனைவி ஷோபனா. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மகளோடு அவன் போனபோது ஆஸ்பத்திரி மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெற்றோர், பிள்ளைகளோடு. டாக்டர் ஸ்ரீநிதியும் அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். இனிமேல் இங்கே எதைச் செய்தாலும் வந்துபோகும் குடும்பங்களைக் கேட்டுத்தான் செய்யப்போகிறோம், என்னென்ன மாற்ற வேண்டும் சொல்லுங்கள் என்றார்.

எழிலரசனுக்கு இன்னும் குழப்பம் கூடியது. டாக்டர் சொல்லி இவன் கேட்டுத்தான் பழக்கம். குறை சொன்னால் நாளைக்குப் பிள்ளையைச் சரியாகப் பார்ப்பார்களா? குறையே இல்லையென்றால், இதற்கா வேலையைப் போட்டுவிட்டு வந்தாய் என்று நினைப்பார்களா? அவன் முறை வந்ததும் எழுந்து நின்றான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது மேடம்."

டாக்டர் மணிமொழியைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். சின்னப் பிள்ளையைப் போய்க் கேட்கிறாரே என்று அவன் திகைத்தான். அவள் அப்பனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ரத்தம் எடுக்கும்போது நைனாவ வெளிய அனுப்பாதீங்க."

பெற்றவர்கள் உள்ளே நின்று அழுதால் பிள்ளை இன்னும் மிரளும், அதனால்தான் அனுப்புகிறோம் என்று நர்ஸ் தனகோட்டி விளக்கினார். எழிலரசன் தலையைக் குனிந்துகொண்டான். அவனை யாரும் அனுப்பியதே இல்லை. ஊசியை எடுக்கிறார்கள் என்றாலே அவனாக எதிர் டீக்கடைக்கு நழுவிவிடுவான். மகளுக்கு அது தெரியாதா, தெரிந்துதான் இப்படிச் சொல்கிறாளா?

வந்ததே வந்தீர்கள், இம்மாத ரத்தத்தையும் இன்றே எடுத்துவிடலாம், நைனாவும் கூட இருக்கட்டும் என்றார் டாக்டர்.

உள்ளே எங்கே நிற்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் நின்றான், அந்தப் பக்கம் போனான்.

"நான் இன்னா செய்யணும்?" என்று நர்ஸைக் கேட்டான்.

பதில் மகளிடமிருந்து வந்தது. "ஒண்ணும் செய்ய வாணாம் நைனா. என் மூஞ்சியப் பாத்துக்கினு நில்லு."

நின்றான். ஊசி இறங்கியதும் அவள் வழக்கம்போலவே அலறினாள். டீக்கடை வரைக்கும் கேட்கும் அதே அலறல். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தனகோட்டி ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினார். உட்காராமல் சமாளித்துக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது கேட்டான்: "நான் இருந்தும் அப்படித்தான அழுத? அப்புறம் எதுக்கு என்னக் கூப்ட்ட?"

"வலிச்சுது, அழுதேன்" என்றாள் மணிமொழி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. இறங்கும்போது அவளே, "அடுத்த மாசமும் உள்ள வா" என்றாள்.

சாயங்காலம் போனில் ரிசல்ட் சொன்னார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதென்று. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று ஷோபனா துருவித் துருவிக் கேட்டாள். அவனால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. நம்மைத்தான் யோசனை கேட்டார்கள், பாப்பாதான் பேசினாள் என்றான்.

"நீ இன்னா பண்ண?"

"நின்னேன்" என்றான் எழிலரசன். அது போதுமா என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனால் அடுத்த முறை பாப்பாவோடு நான் போகிறேன் என்று ஷோபனா சொன்னபோது, வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டான்.